சுருட்டை அவசரப்படுத்தாதீர்கள்



துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறும்போது டியூட்டி ஃப்ரீ கடையில் ஒரு சுருட்டுப் பெட்டியை வாங்கி வந்திருக்கிறீர்கள். அல்லது நண்பனின் கல்யாண வரவேற்பு முடிந்த இரவில் மொட்டைமாடியில் ஆளுக்கொன்றாகக் கொடுத்ததைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டீர்கள். பதவி உயர்வுக்கு மேலாளர் தந்த ஒன்று மேசை இழுப்பறையில் என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்த மடல். 18 வயது நிரம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். வயதாகியும் இதுவரை புகையிலையைத் தொடாதவர்களும் அப்படியே. இதைப் படித்துத்தான் தொடங்கினேன் என்று யாரும் என்னிடம் வந்து சொல்லிவிடக் கூடாது. வாங்கியாயிற்று, பற்றவைக்கத்தான் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டவர்களோடு மட்டும் பேசுகிறேன்.

மொட்டைமாடிகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். சிகரெட் பிடித்துப் பழகியவர்கள் சுருட்டையும் சிகரெட் மாதிரியே இழுக்கிறார்கள். பத்து நிமிடத்தில் பாதி கரைந்துவிடுகிறது. முகம் வெளிறுகிறது, நெற்றி வியர்க்கிறது. ‘ரொம்ப ஸ்ட்ராங்’ என்று சுருட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றுகொள்கிறார்கள். அதில் சுருட்டின் குற்றம் பாதிக்கும் குறைவு. மிச்சம் அவசரத்தின் குற்றம். சுருட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் கடைசியில் சூடு, ஈரம் என்ற இரண்டில் வந்து நிற்கும். சூடு ஏறாமலும் ஈரம் கெடாமலும் பார்த்துக்கொள்ளத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

கையில் இருப்பது என்ன என்பதை முதலில் பாருங்கள். சிகரெட்டில் தாள் உண்டு, பஞ்சு உண்டு. கையால் சுற்றிய நல்ல சுருட்டில் இலையைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஓரத்தை ஒட்டுவதற்குத் துளி பசை, அவ்வளவுதான். உள்ளே நிரப்பும் இலைகள், அவற்றைக் கட்டிப் பிடிக்கும் ஓர் இலை, எல்லாவற்றுக்கும் மேலே போர்த்தும் ஓர் இலை என மூன்று அடுக்கு. கடைக்காரர்கள் இவற்றை ஃபில்லர், பைண்டர், ராப்பர் என்பார்கள். போர்த்தும் இலைக்கு ஓட்டையோ தடித்த நரம்போ கறையோ இருக்கக் கூடாது. விலை அதிகமான இலையும் அதுதான். கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் வுயெல்தா அபாஹோ என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே இந்த இலைக்காகவே வயல் முழுக்கத் துணிப் பந்தல் போட்டு, வெயிலை வடிகட்டிச் செடி வளர்க்கிறார்கள். நிழலில் வளரும் இலை மெலிந்து, அகன்று, வழுவழுப்பாக வரும்.

உள்ளே போகும் இலைகளில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே செடியில் அடியில் இருக்கும் இலை லேசானது, நன்றாக எரியும். நடுவில் இருப்பது மணம் தரும். உச்சியில் வெயிலை முழுதாக வாங்கிய இலை தடிப்பாக, எண்ணெய்ப்பசையோடு இருக்கும். நிக்கோட்டினும் அதில்தான் அதிகம், எரிவதும் மெதுவாக. கியூபாக்காரர்கள் இவற்றை வோலாதோ, செக்கோ, லிஹேரோ என்று பிரிக்கிறார்கள். சுற்றுகிறவர் உச்சி இலையைச் சுருட்டின் நட்ட நடுவில் வைப்பார். ஓரத்தில் வைத்தால் அந்தப் பக்கம் மட்டும் எரியாமல் பின்தங்கிவிடும். ஒரு சுருட்டு காரமா மென்மையா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் கலவைதான். வெளித்தோல் கறுப்பாக இருந்தால் காரம், வெளுப்பாக இருந்தால் மென்மை என்று நினைப்பது தவறு. மதுரோ எனப்படும் கரும்பழுப்பு இலை பல நேரம் இனிப்பான, சாதுவான புகையே தரும்.

பறித்த இலையை அப்படியே சுற்ற முடியாது. கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். பிறகு லேசாக ஈரம் காட்டிப் பெரிய குவியலாக அடுக்குவார்கள். ஈரத்தோடு போட்ட வைக்கோல் போர் உள்ளுக்குள்ளேயே கொதிப்பது போல அந்தக் குவியலும் தானாகச் சூடேறும். சூடு மிஞ்சினால் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி மறுபடி அடுக்குவார்கள். இப்படிப் புளிக்கும்போது அமோனியா வெளியேறுகிறது, கசப்பு குறைகிறது. சரியாகப் புளிக்காத இலையில் செய்த சுருட்டு மூக்கில் குத்தும். மலிவுச் சுருட்டுகளில் நீங்கள் முகர்ந்திருக்கக்கூடிய அந்தக் குத்தல் பெரும்பாலும் இதனால் வருவதுதான்.

பதப்படுத்தும் முறை ஊருக்கு ஊர் வேறு. யாழ்ப்பாணத்தில் பொச்சுமட்டையை மூட்டி இலைக்குப் புகைபோடுவார்கள். அந்தச் சுருட்டுக்கென்று ஒரு காலத்தில் தென்னிலங்கையில் ஊருக்கு ஊர் யாழ்ப்பாணத்துக்காரரின் சுருட்டுக்கடை இருந்தது. நம் பக்கத்தில் திருச்சி உறையூரும் திண்டுக்கல்லும் பேர்பெற்றவை. 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டில், சிந்திக் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் சொல்லிவிடுவார். லண்டன் வாசகருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அன்றைக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருந்திருக்கிறது. இன்று அதே திருச்சியில் பிறந்த பிள்ளை துபாயில் கியூபாவின் கோஹிபா சுருட்டைத் தேடுகிறான். அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் நம்மூர்ச் சுருட்டை முனியப்பனுக்கும் கருப்பனுக்கும் படைப்பதோடு நிறுத்திவிட்டு, அதை மட்டம் என்று ஒதுக்குவது தெரியாமல் செய்வது. நம்மூர்ச் சுருட்டு வேறு வகை. இரண்டு முனையும் திறந்திருக்கும், காய்ந்த நிலையிலேயே புகைப்பதற்கென்று செய்தது. ஹவானாச் சுருட்டுக்குச் சொல்லும் வெட்டும் விதியும் ஈரப் பெட்டியும் அதற்குப் பொருந்தாது.

இனி எதை வாங்குவது என்பது. பெரியதை வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு கருத்தே இல்லை. சுருட்டின் நீளத்தை அங்குலத்திலும் பருமனை ரிங் கேஜிலும் சொல்வார்கள். ஒரு ரிங் கேஜ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு. அதாவது 64 ரிங் கேஜ் சுருட்டின் விட்டம் முழு அங்குலம். சர்ச்சில் என்று பெயர் வைத்த அளவு 7 அங்குல நீளம், 47 ரிங் கேஜ். சாவகாசமாகப் புகைத்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சர்ச்சில் 1895இல் கியூபாவுக்குப் போய்வந்த நாள் தொட்டுப் பழகியவர். நீங்கள் நேற்று வாங்கியவர். 5 அங்குலத்தை ஒட்டி 42 ரிங் கேஜ் உள்ள பெத்தி கொரோனா போதும், அரை மணி நேரத்தில் முடியும். 5 அங்குலம், 50 ரிங் கேஜ் உள்ள ரொபுஸ்தோவைத்தான் கடைக்காரர் எடுத்து நீட்டுவார். அது நன்றாக விற்கும் அளவு என்பதால் நீட்டுகிறார், உங்களுக்கு ஏற்றது என்பதால் அல்ல. அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிடித்ததும் சின்னச் சுருட்டுதான். 1962இல் கியூபாவின் மீது வணிகத் தடை ஆணையில் கையெழுத்திடுவதற்கு முந்தைய இரவில் பெத்தி உப்மன் சுருட்டுகளைச் சேகரித்துத் தரச் சொன்னதாகவும், 1,200 தேறியதாகவும், அதன் பிறகே கையெழுத்திட்டதாகவும் அவருடைய பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சர் எழுதியிருக்கிறார். தடை ஊருக்கு, சுருட்டு தனக்கு.

கியூபாதான் வேண்டும் என்பதும் இல்லை. 1959 புரட்சிக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் டொமினிகன் குடியரசிலும் நிகராகுவாவின் எஸ்தெலியிலும் ஹோண்டுராசிலும் புகையிலை போட்டுச் சுற்றி, இன்று கியூபாவுக்குச் சமமாக நிற்கிறார்கள். கனெக்டிகட் நிழல் இலை போர்த்திய டொமினிகன் சுருட்டு புதியவர்களுக்குச் சாதுவாக இருக்கும். ஹவானாத் தெருவில் ‘என் மாமா தொழிற்சாலையில் வேலை செய்கிறார்’ என்று விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். மூடியில் கண்ணாடி பதித்த கோஹிபா பெட்டி வந்தால் யோசிக்கவே வேண்டாம், போலிதான்.

வாங்கும்போது இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டு வர வேண்டும். நொறுங்கும் சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. பஞ்சு மாதிரி அமுங்கியே கிடந்தால் ஈரம் அதிகம்.

வெட்டுவதைப் பற்றி நிறையப் பேசுவார்கள், வேண்டியதில்லை. வாயில் வைக்கும் முனையைச் சிறு இலைத்துண்டால் தொப்பி போல மூடியிருப்பார்கள். அந்தத் தொப்பி முடியும் கோடு உற்றுப் பார்த்தால் தெரியும். கோட்டுக்கு மேலே, நுனியிலிருந்து 2 மில்லிமீட்டர் அளவில், கூரான கட்டரால் ஒரே வெட்டு. கோட்டுக்குக் கீழே வெட்டினால் மேலிலை அவிழ்ந்து வாயிலேயே பிரியும். பல்லால் கடித்துத் துப்புவது சினிமாவில் நன்றாக இருக்கும்.

பற்றவைப்பதில்தான் பொறுமை தொடங்குகிறது. பெட்ரோல் லைட்டர் வேண்டாம், அதன் வாடை கடைசி வரை வரும். மெழுகுவத்தியும் வேண்டாம். பியூட்டேன் எரிவாயு லைட்டர் நல்லது. நீளமான தீக்குச்சி என்றால் உரசியதும் தலையிலுள்ள மருந்து எரிந்து முடியும்வரை காத்திருங்கள். சுருட்டை உடனே வாயில் வைக்காதீர்கள். கையில் சாய்த்துப் பிடித்து, அடிமுனை தீக்கு மேலே, தீயைத் தொடாமல் இருக்கும்படி மெல்லச் சுழற்றுங்கள். ஓரம் முழுக்கக் கறுத்து, நடுவரை செம்மை ஏறியபின் வாயில் வைத்து, சுழற்றியபடியே இரண்டு மூன்று முறை இழுங்கள். அடிமுனையை மெல்ல ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சிவக்காமல் இருந்தால் அங்கே மட்டும் மறுபடி தீ காட்டுங்கள். இதற்கு ஒரு நிமிடம் ஆகும், ஆகட்டும். தொடக்கத்தில் கோணலாகப் பற்றிய சுருட்டு முடியும்வரை கோணலாகவே எரிந்து உங்களைப் படுத்தும்.

பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. இதற்கு மேல் வேண்டாம். புகையை வாயில் வாங்கி, நாக்கில் நிறுத்தி, வெளியே விடுங்கள். நுரையீரலுக்குள் இறக்கக் கூடாது. சிகரெட் புகை லேசான அமிலத்தன்மை உடையது, அதனால் அதன் நிக்கோட்டின் பெரும்பாலும் நுரையீரல் வழியாகவே ரத்தத்தில் ஏறுகிறது. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது, நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகவே ஏறிவிடும். அதனால்தான் உள்ளே இழுக்காமலேயே தலை சுற்றுகிறது. சிகரெட் பழக்கத்தில் உள்ளேயும் இழுத்தால் இரண்டு வழியாகவும் ஏறும். கைப்பிடிச் சுவரோரம் போய் நிற்பவர்களின் கதை அதுதான்.

அவசரமாக இழுத்தால் கனல் சூடேறும். சூடேறினால் எண்ணெய்ப் பசைகள் கருகிக் கசக்கும், நாக்கு பொரியும். ருசி என்று விளம்பரங்கள் சொல்லும் மரவாடை, காப்பிக்கொட்டை, தோல், மிளகு எல்லாம் சூடு குறைவாக இருக்கும்போதுதான் தெரியும். அவை எல்லாருக்கும் ஒன்றுபோலத் தெரியாது. யாராவது நாற்பது ருசி சொல்லிக்கொண்டே போனால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் மட்டும் தொடாதீர்கள். சாப்பிட்டு அரை மணி கழித்து, பக்கத்தில் தண்ணீரோடு உட்காருங்கள். தலை கிறுகிறுத்துக் குளிர் வியர்வை வந்தால் அப்போதே கீழே வைத்துவிட்டுக் காற்றாட உட்கார்ந்து, இனிப்பாக எதையாவது குடியுங்கள். முடித்தே தீருவேன் என்ற வீம்பு இதில் உதவாது.

சாம்பலைச் சிகரெட் போலத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஓர் அங்குலம் வரை அது நிற்கட்டும், கனலுக்கு மேல் ஒரு மூடியாக இருந்து சூட்டை அடக்கும். விழும் நேரம் தெரியும்போது சாம்பல் கிண்ணத்தின் ஓரத்தில் சாய்த்தால் தானே உதிரும். பேச்சு சுவாரசியத்தில் அணைந்துபோனால் சாம்பலை நீக்கிவிட்டு மறுபடி பற்றவைக்கலாம், வெட்கமில்லை. நாளைக்கு என்று எடுத்துவைக்க மட்டும் கூடாது. கடைசி மூன்றில் ஒரு பங்கில் சூடும் பசையும் சேர்ந்து காரம் ஏறும். விரலுக்குச் சூடு தெரியத் தொடங்கினால் போதும் என்று அர்த்தம். விலையை நினைத்துக் கடைசி அங்குலம் வரை உறிஞ்சுவது நம்மில் பலருக்கு உள்ள குணம், அது வேண்டாம். நசுக்கி அணைக்கவும் வேண்டாம், நாற்றம் அறை முழுக்க நிற்கும். கிண்ணத்தில் வைத்துவிட்டால் சில நிமிடத்தில் தானே அணையும்.

சுற்றுகிறவர்களின் கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒருவர் மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். எல் ஃபிகரோ என்ற தொழிற்சாலையில் 1865இல் தொடங்கிய வழக்கம் இது. மாண்டெகிறிஸ்தோ என்ற சுருட்டின் பெயரே அலெக்சாந்தர் துய்மாவின் நாவலிலிருந்து வந்தது. நாவல் கேட்டுக்கொண்டே செய்த பொருளை ரீல்ஸ் பார்த்துக்கொண்டே ஊதித் தள்ளுகிறோம் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

மிச்சப் பெட்டியை என்ன செய்வது? குளிர்சாதனப் பெட்டியில் அப்படியே வைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சிவிடும், போதாததற்குச் சாம்பார் வாடையும் ஏறும். சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீதம் வரை காற்றீரம், 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம். ஹ்யூமிடோர் என்னும் செடார் மரப்பெட்டி இதற்குத்தான். இரண்டு மூன்று சுருட்டுக்காக அதை வாங்குவது வீண். காற்றுப் புகாத டப்பாவில் ஈரத்தைச் சமன்செய்யும் சிறு பொட்டலம் ஒன்றைப் போட்டு, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். சென்னைக் காற்றில் விட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும், நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் காய்ந்து வெடிக்கும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் வேறொரு தொல்லை: இலையில் இட்ட முட்டைகள் பொரிந்து புகையிலை வண்டு கிளம்பும். மேலிலையில் குண்டூசி குத்தியது போலத் துளைகள் தெரிந்தால் அந்த ஒன்றை உடனே தனியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டியே போகும்.

இப்போது கடையில் யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். உள்ளே இழுக்காவிட்டால் கெடுதலில்லை என்பது பொய். சுருட்டுப் புகை வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்குகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவு புகையிலை இருக்கக்கூடும். உள்நாட்டுப் போரில் 1862இல் டோனல்சன் கோட்டையை வென்ற அமெரிக்கத் தளபதி கிராண்ட் சுருட்டுப் பிடிப்பவர் என்று செய்தித்தாள்கள் எழுதப்போய், மக்கள் ஆயிரக்கணக்கான சுருட்டுகளை அவருக்கு அனுப்பிவைத்தார்கள். பின்னாளில் அதிபரான அவர் 1885இல் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். நாளுக்கு இருபது சுருட்டு புகைத்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு 1923இல் வாயில் புற்றுநோய் தெரிந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டார், 1939இல் இறக்கும்வரை அவதிப்பட்டார். மனித மனத்தின் பிடிகளைப் பற்றி அத்தனை எழுதியவரால் இந்தப் பிடியை விட முடியவில்லை. இவ்வளவு தூரம் போக வேண்டாம், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் கடற்கரைப் பக்கம் கனல் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் புகைக்கும் வழக்கம் பெண்களிடம் உண்டு. மேலண்ணத்தில் வரும் புற்றுநோய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் பல காலமாக எழுதிவருகிறார்கள்.

ஆகவே எப்போதாவது ஒன்று என்பதற்கும் அன்றாடம் ஒன்று என்பதற்கும் உள்ள இடைவெளியை நீங்கள்தான் காக்க வேண்டும். எப்போதாவது ஒன்றும் பாதுகாப்பானது என்று நான் சொல்லமாட்டேன்.

பிறர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியாவின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி பொது இடத்தில் புகைப்பது குற்றம், 2008 அக்டோபர் 2 முதல் வேலையிடங்களும் அதற்குள் வந்துவிட்டன. சட்டம் எட்டாத இடத்திலும் அடுத்தவர் மூக்கு இருக்கிறது. சுருட்டுப் புகை சிகரெட்டை விட அடர்த்தி, நேரமும் அதிகம். அடுக்குமாடியின் பால்கனியில் நீங்கள் ஒரு மணி நேரம் ருசித்தால் மேல்வீட்டுக் குழந்தையும் ஒரு மணி நேரம் ருசிக்கிறது. காருக்குள் வேண்டாம், வீட்டுக்குள் வேண்டாம், கர்ப்பிணி இருக்கும் இடத்தின் அருகிலேயே வேண்டாம். விருந்தில் வேண்டாம் என்று சொன்ன நண்பனிடம் ‘இன்னைக்கு ஒரு நாள்தானே’ என்று நீட்டாதீர்கள். அவன் எதையோ விட்டு எத்தனை நாள் ஆகிறதென்று உங்களுக்குத் தெரியாது.

ஒன்றைப் புகைத்து முடித்த மறுநாளே கை இன்னொன்றைத் தேடினால், அதை ருசி என்று நினைத்து ஏமாறாதீர்கள், நிக்கோட்டின் கேட்கிறது. பெட்டியை யார் கையிலும் கொடுக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள். தனியாக முடியாவிட்டால் புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356.

அன்புடன்,
உங்கள் மொட்டைமாடிகளில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவன்